உவரில் உருகிய மணல்

கண்ணாடிக்கு வேண்டியவை மூன்று: மணல், காரம், நெருப்பு. தூய மணலைத் தனியே உருக்க ஏறத்தாழ 1,700 பாகை வெப்பம் தேவை. விறகுச் சூளைக்கு அந்த வெப்பம் எட்டாது. மணலோடு சோடாக் காரத்தைக் கலந்தால் 1,000, 1,100 பாகையிலேயே அது இளகிப் பாகாகிவிடும். ஆகவே பழைய உலகில் கண்ணாடி எங்கே பிறந்தது என்ற கேள்வி பெரும்பாலும் காரம் எங்கே கிடைத்தது என்ற கேள்விதான். எகிப்தியருக்கும் உரோமருக்கும் வாடி நாட்ரூன் ஏரிகளில் படிந்த சோடா இருந்தது. சிரியாவிலும் பாரசீகத்திலும் பாலைநிலச் செடிகளை எரித்துச் சாம்பல் எடுத்தார்கள். காடு நிறைந்த வட ஐரோப்பாவில் மரச்சாம்பல் கைகொடுத்தது. நமது பக்கத்தில், பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும், நிலத்திலேயே பூக்கும் உவர் இருந்தது.

வேனிலில் நீர் வற்றிய பள்ளங்களில் வெண்மையாகப் பூக்கும் அந்த உவரை எங்கள் கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சிக்காரருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதில் இரண்டு இனம் உண்டு என்பதை மட்டும் இங்கே சொல்லவேண்டும். ஒன்று கடலின் உப்பு, அதாவது சோடியம் குளோரைட்டு. அது நெல்லைக் கருக்கும். மற்றது சோடியம் காபனேற்று கலந்த மண். கரைத்தால் கையில் வழுக்கும், துணியின் அழுக்கைப் போக்கும். சவர்க்காரம் வருவதற்கு முன் துணி வெளுத்தது இந்த உவர்மண்ணில்தான். கண்ணாடிக்கு உதவுவதும் இந்த இரண்டாவது இனமே. ஆனையிறவு உப்பளத்தில் சோடியத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது குளோரினோடு இறுகப் பிணைந்திருக்கிறது. உப்பை மணலோடு உலையில் இட்டால் பெரும்பகுதி நுரைபோல மேலே மிதந்து ஒதுங்கும், மணலை இளக்காது. அந்தப் பிணைப்பை அறுக்க மின்சாரமோ பிற்கால வேதியியல் முறையோ வேண்டும். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரந்தனில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலை மின்சாரத்தால் செய்தது அதைத்தான்: உப்பிலிருந்து எரிசோடாவையும் குளோரினையும் பிரித்தெடுத்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தொழிலாளிக்கு அந்த வழி இல்லை. அவர் சரியான உவரைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது.

அவர் கண்டுபிடித்தார் என்பதற்கு இன்று வேதியியல் சான்று இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தச் சான்றைப் பற்றியது. நெடுங்காலம் இலங்கையில் கிடைத்த பழைய கண்ணாடி எதுவானாலும் கடல் கடந்து வந்த பொருள், அல்லது வெளியிலிருந்து வந்த கண்ணாடிக் கட்டியை உருக்கி உள்ளூரில் மணியாக்கிய பொருள் என்றே எண்ணும் பழக்கம் இருந்தது. கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகள் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டன. மணலையும் காரத்தையும் உருக்கிக் கண்ணாடியை முதலிலிருந்தே ஆக்கும் தொழில் இந்தத் தீவின் உலர்வலயத்தில் நடந்தது. அந்தச் செய்தி நமது பாடநூல்களுக்குள் இன்னும் முழுதாக நுழையவில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஆக்குவது வேறு, வடிப்பது வேறு. இந்த வேறுபாடு தெளிவாகாமல் எதுவும் விளங்காது. உரோமர் காலத்திலும் பின்பும் கண்ணாடியை ஆக்கும் பெரிய உலைகள் எகிப்திலும் பாலஸ்தீனக் கரையிலும் சில இடங்களில் மட்டுமே இருந்தன. அங்கே ஆக்கிய கட்டியை உடைத்து நூறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். அந்த ஊர்களின் தொழிலாளர்கள் அதை மறுபடி உருக்கிக் குவளையும் போத்தலுமாக வடித்தார்கள். இஸ்ரேலின் பேத் ஷெயாரீம் குகையில் இன்றும் கிடக்கும் ஒரே கண்ணாடிப் பலகையின் எடை ஏறத்தாழ 9 தொன். சுண்ணாம்பு மிகுந்து போனதால் உருகல் கெட்டு, எடுக்காமல் கைவிட்ட கட்டி அது. இந்தக் காரணத்தைக் கண்டவர் அமெரிக்காவின் கோர்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ரொபர்ட் பிரில். பழங்கண்ணாடியின் வேதியியலை ஒரு துறையாகவே வளர்த்தவர்களில் அவர் முதன்மையானவர். இந்தியக் கண்ணாடிகளையும் அவர் அளந்திருக்கிறார்.

கண்ணாடியின் சேர்க்கையை அளக்கும் இந்த முறையின் பயனை நன்றாகக் காட்டுவன துருக்கியின் ஒட்டோமன் காலத்துப் பள்ளிவாசல் யன்னல்கள். 1550க்கும் 1557க்கும் இடையில் எழுந்த இஸ்தான்புல் சுலைமானியே போன்ற கட்டடங்களில் சுதையால் செய்த சட்டகத்துக்குள் வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்தார்கள். நூற்றாண்டுதோறும் நில அதிர்வும் பழுதுபார்ப்பும் நேர்ந்த யன்னல்களில், முதலில் வைத்த துண்டு எது, பின்னால் செருகியது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. வேதியியலால் பெரும்பாலும் முடியும். செடிச்சாம்பலில் ஆக்கிய கண்ணாடியில் மக்னீசியமும் பொட்டாசியமும் கூடுதலாக இருக்கும். தொழிற்சாலைச் சோடாவில் ஆக்கிய பிற்காலக் கண்ணாடியில் பொட்டாசியம் சுருங்கிவிடும். 1961இல் எட்வர்ட் செயரும் ரே வின்ஃபீல்ட் ஸ்மித்தும் வகுத்த எல்லைக்கோடு இன்றும் பயன்படுகிறது: மக்னீசியம் ஒட்சைட்டும் பொட்டாசியம் ஒட்சைட்டும் 1.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காரம் கனிமத்திலிருந்து வந்தது, மேலே இருந்தால் சாம்பலிலிருந்து வந்தது. கோடு பழங்கண்ணாடிக்கு மட்டும்தான் பொருந்தும். இன்று நம் வீடுகளின் யன்னலில் இருக்கும் தட்டைக் கண்ணாடியில் தொலமைட்டுக் கல் சேர்ப்பதால் மக்னீசியம் ஒட்சைட்டு ஏறத்தாழ 4 சதவீதம் வரை இருக்கும். அதை வைத்து யாரும் அதற்குச் சாம்பல் தேடக்கூடாது.

நமது முன்னோர் கண்ணாடியை யன்னலில் வைக்கவில்லை. வெயிலும் காற்றும் மிகுந்த நாட்டில் யன்னலுக்கு மரக்கம்பி போதும். கண்ணாடி இங்கே கழுத்துக்கும் கைக்கும் போனது, பாசிமணியாகவும் காப்பாகவும். சிறுபொருள் என்பதால் அதைச் சிறுதொழில் என்று எண்ணிவிடக்கூடாது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என்று இரண்டு முதல் ஐந்து மில்லிமீற்றர் அளவில் வந்த இந்த மணிகளுக்குப் பீற்றர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தோ பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். கிழக்கு ஆபிரிக்கக் கரை முதல் கொரியா வரை அவை பரந்து கிடப்பதே அந்தப் பெயருக்குக் காரணம். செய்யும் முறை திறமையானது. உருகிய கண்ணாடித் திரளை இரும்புக் குழலில் சுற்றி, நடுவில் துளை விழச் செய்து, அந்தத் துளை அடைபடாமல் நீண்ட குழாயாக இழுக்கவேண்டும். குழாயைத் துண்டுகளாக நறுக்கிச் சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடாக்கினால் கூரிய விளிம்புகள் உருண்டுவிடும். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் இந்த முறை இருந்தது. ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் அது இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரை உயிரோடு இருந்ததால்தான் ஆய்வாளர்கள் பழைய மணிகளின் உட்கோடுகளைப் பார்த்து முறையை அடையாளம் காண முடிந்தது. சிவப்பு மணியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அதன் நிறத்தைத் தருவது செம்பு. உலைக்குள் காற்றைக் குறைத்துச் செம்பை நுண்ணிய உலோகத் துகளாக நிறுத்தினால்தான் செங்கல் சிவப்பு வரும். காற்று சற்றுக் கூடினால் அதே செம்பு பச்சையாகவோ நீலமாகவோ திரும்பிவிடும். உலையின் மூச்சை இப்படி ஆண்ட ஒருவர் மிகத் தேர்ந்த தொழிலாளி.

இனி வேதியியலுக்கு வருகிறேன். இந்த மணிகளில் பெரும்பகுதியின் சேர்க்கை உரோமக் கண்ணாடியைப் போன்றதல்ல. உரோமக் கண்ணாடியில் அலுமினா, அதாவது அலுமினியம் ஒட்சைட்டு, 2, 3 சதவீதம், சுண்ணாம்பு 6 முதல் 8 சதவீதம். இங்குள்ள மணிகளில் அலுமினா 5 சதவீதத்துக்கு மேல் ஏறி, பலவற்றில் 10ஐயும் தாண்டுகிறது. சுண்ணாம்போ 2 முதல் 4 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. மக்னீசியம் 1.5இன் கீழே இருப்பதால் காரம் சாம்பலிலிருந்து வரவில்லை, நிலத்து உவரிலிருந்து வந்திருக்கிறது. இந்தக் குடும்பத்துக்குக் கனிமச் சோடா அலுமினாக் கண்ணாடி என்று பெயர். பிரான்சின் ஓர்லெயோன் ஆய்வுகூடத்தில் பெர்னார் கிராத்யூஸும், அங்கே 2001இல் இந்து சமுத்திரக் கண்ணாடி பற்றி ஆய்வேடு அளித்துப் பின் சிக்காகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்குச் சென்ற லோர் துயூசுபியுவும் இந்தக் குடும்பத்தை உட்பிரிவுகளாகப் பிரித்தார்கள்.

அலுமினா எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில்தான் எனக்கு மிகுந்த ஈடுபாடு. வடமராட்சிக் கிழக்கில் அம்பன், நாகர்கோவில் பக்கம் இருக்கும் வெள்ளை மணலைப் பார்க்கும் எவரும், கண்ணாடிக்கு இதைவிடச் சிறந்த மணல் வேறில்லை என்பார். இன்றைய தொழிற்சாலைக்கு அது உண்மை. ஆனால் அத்தகைய தூய மணலில் அலுமினா அரிது. 5, 10 சதவீத அலுமினாவைக் கொண்ட மணி அந்த மணலில் பிறந்திருக்க முடியாது. பழைய தொழிலாளி எடுத்தது கருங்கற்பாறையும் பட்டைக்கல்லும் சிதைந்து, குவார்ட்ஸோடு பெல்ட்ஸ்பாரும் கலந்த, ஆற்றோரத்து முதிராத மணல். அலுமினாவைக் கொடுத்தது அந்தப் பெல்ட்ஸ்பார். வெளியாள் கண்ணுக்குத் தரம் குறைந்ததாகத் தெரியும் அந்த மணல் ஒரு நன்மையையும் செய்தது. சுண்ணாம்பு குறைந்த கண்ணாடி நீரில் கரைந்து கெடும் இயல்புடையது. அலுமினா அந்தக் குறையை ஈடுசெய்து கண்ணாடியை உறுதியாக்கும். இரண்டாயிரம் ஆண்டு வயல் ஈரத்தில் கிடந்தும் பல மணிகள் இன்னும் பளபளப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆற்று மணலும் நிலத்து உவரும் சேர்ந்த உலை உண்மையில் கிடைத்த இடம் கிரிபாவ. குருநாகல் மாவட்டத்தின் வட எல்லையில், அனுராதபுரத்தை ஒட்டியிருக்கும் ஊர். 1990களின் இறுதியில் ஒஸ்மண்ட் போபேராச்சி பங்குகொண்ட இலங்கை, பிரெஞ்சுக் கூட்டாய்வில் அங்கே உலை எச்சங்களும், கண்ணாடிக் கட்டிகளும், கழிவும் பெருமளவில் வெளிப்பட்டன. காலம் கிறிஸ்துவுக்கு முந்திய கடைசி நூற்றாண்டுகளும் பிந்திய முதல் நூற்றாண்டுகளும். அங்கே வேலை செய்தவர்கள் இரவல் கட்டியை உருக்கியவர்கள் அல்லர். அவர்கள் கண்ணாடியையே ஆக்கினார்கள். அந்தக் கண்ணாடியின் சேர்க்கை மேலே சொன்ன குடும்பத்தின் முதல் உட்பிரிவோடு பொருந்துகிறது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மிகுதியாகக் கிடைக்கும் உட்பிரிவு அதுவே.

உட்பிரிவுகளைப் பிரித்தறிய உதவுபவை பத்து இலட்சத்தில் சில பங்குகளாக மட்டுமே இருக்கும் தனிமங்கள். முக்கியமானவை யுரேனியமும் பேரியமும். இலங்கை, தென்னிந்திய உட்பிரிவில் யுரேனியம் குறைவு, பேரியம் அதிகம். மகாராட்டிரக் கரையில் சௌல் துறைமுகத்தோடு தொடர்புடைய பிற்கால உட்பிரிவில் நிலைமை தலைகீழ்: யுரேனியம் அதிகம், பேரியம் குறைவு. அந்தப் பிற்கால மணிகள் கிழக்கு ஆபிரிக்கக் கரைக்கு ஏராளமாகப் போயின. தொழிலாளி யுரேனியத்தை அறிந்து சேர்க்கவில்லை. எந்தப் பாறை சிதைந்து அந்த மணல் ஆனதோ அந்தப் பாறையின் முத்திரை அது. உலை அதை அழிப்பதில்லை, நிறமூட்டிகள் அதை மறைப்பதில்லை. ஒரு மணியின் பிறந்தகத்தைச் சொல்வதில் வடிவத்தையும் நிறத்தையும்விட இந்த முத்திரையே நம்பத்தக்கது.

முதல் உட்பிரிவு எத்தனை தூரம் போயிற்று என்று பார்த்தால் வியப்பு மிகும். செங்கடற்கரையில் எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில் இருக்கிறது. நூபியாவின் கல்லறைகளில் இருக்கிறது. கான்ஸ்தாந்தீன் பியோனும் கிராத்யூஸும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, மேற்கு ஐரோப்பாவில் மெரோவிங்கியர் காலக் கல்லறைகளில், கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் புதைத்தவர்களின் உடலோடு இந்த மணிகள் கிடந்ததைக் காட்டியது. இலங்கை, தென்னிந்திய உவரில் உருகிய மணல் பிரெஞ்சு மண்ணுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்தப் பயணங்களின் பெருவாயில்களில் ஒன்று மன்னார்ப் பக்கத்து மாந்தை. திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்து அகழியோடு கிடக்கும் பழைய துறைமுகம். 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல், சிரான் தெரணியகல, அலன் கிரகம் ஆகியோர் அங்கே அகழ்ந்தார்கள். போர் அதை நிறுத்தியது. அறிக்கை நூலாக வெளிவந்தது 2013இல், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு தலைமுறைக் காலம் மாந்தையின் பொருட்கள் ஆய்வுலகின் கணக்கில் பாதியளவே இருந்தன என்பதையும், அதே காலத்தில் தாய்லாந்தும் வியட்நாமும் தம் மணிகளை அளந்து முன்னே சென்றுவிட்டன என்பதையும் வாசகர் அறியவேண்டும். போருக்குப் பின் 2009, 2010இல் மறுபடி அங்கே மண் தோண்டினார்கள். மிளகும் கராம்பும் கிடைத்து உலகச் செய்தியானது அந்த அகழ்வில்தான். அதில் பங்குகொண்ட விஜேரத்ன போஹிங்கமுவ மாந்தையின் மணிகளையும் கண்ணாடியையும் யாழ்ப்பாணத்துக் கந்தரோடையின் பொருட்களோடு சேர்த்து ஆராய்ந்தார். மாந்தை போன்ற துறையில் ஒரே குழியில் இரு உலகம் சந்திக்கும்: உள்ளூர் உவர்க் கண்ணாடியின் மணி, மேற்காசியச் சாம்பற் கண்ணாடியின் குவளை. கண்ணுக்கு இரண்டும் பச்சை. மக்னீசியத்தை அளந்தால் இரண்டும் பிரிந்து நிற்கும்.

அளக்கும் கருவிகளைப் பற்றிச் சிறிது. கையில் பிடித்து நீட்டும் ஊடுகதிர்ப் புளொரொளிர்வுக் கருவி இப்போது பரவலாகிவிட்டது. இரும்பு, செம்பு, ஈயம் போன்ற கனத்த தனிமங்களுக்கு அது நல்லது. சோடியத்தை அது காணாது. உவர்க் கண்ணாடியில் காரமே சோடியம் என்பதால் அந்தக் கருவியை மட்டும் நம்பி முடிவு சொல்வது தவறு. இன்னொரு சிக்கல், மண்ணில் கிடந்த கண்ணாடியின் மேற்பரப்பு சோடியத்தை இழந்திருக்கும். தோலை அளந்தால் சதையின் சேர்க்கை தெரியாது. இதனால்தான் லேசர் முறை நிலைபெற்றது. லேசர் கதிர் மணியில் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு அகலத்துக்குத் துளையிட்டு, மேற்றோலைத் தாண்டி உள்ளே போகும். அங்கே ஆவியாகும் துகள் பிளாஸ்மாவுக்குள் அயனாகித் திணிவு நிறமாலைமானிக்குப் போகும். சோடியம் முதல் யுரேனியம் வரை ஐம்பதுக்கு மேற்பட்ட தனிமங்களை ஒரே மணியில் எண்ணிவிடலாம். துளை கண்ணுக்குத் தெரியாது. மணி அருங்காட்சியகத்துக்குப் பழுதின்றித் திரும்பும்.

இந்த எண்கள் எதைச் சொல்லா என்பதையும் சொல்லவேண்டும். தென்னிந்தியாவின் அடிப்பாறையும் இலங்கையின் அடிப்பாறையும் ஒரே பழைய கண்டத்தின் துண்டுகள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அவை ஒட்டியிருந்தன. ஒரே வகைப் பாறை சிதைந்தால் ஒத்த வகை மணல்தான் வரும். ஆகவே காவிரிக்கரையில் ஆக்கிய கண்ணாடியையும் கலா ஓயாப் பக்கம் ஆக்கிய கண்ணாடியையும் தனிமங்களை மட்டும் வைத்துப் பிரிப்பது மிகக் கடினம். உலையருகே நின்றவர் தமிழ் பேசினாரா, பிராகிருதம் பேசினாரா, சிங்களத்தின் முன்னோடி மொழி பேசினாரா என்பதை அலுமினா சொல்லாது. இலங்கையில் ஒவ்வொரு அகழ்வுக் குழியையும் இனத்தின் உரிமைப் பத்திரமாக வாசிக்கும் ஆசை இரு பக்கமும் வலுவாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கண்ணாடி சொல்வது வேறொன்று: நீரிணையின் இரு கரைத் தொழிலாளரும் ஒரே மூலப்பொருளை, ஒரே கைமுறையை, பல நூற்றாண்டுகள் பகிர்ந்திருந்தார்கள். அந்த அறிவு எனக்கு உரிமைப் பத்திரத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

மாந்தைக்கும் கந்தரோடைக்கும் நடுவில் இருப்பது வன்னி. பரமு புஷ்பரட்ணத்தின் பூநகரித் தொல்லியல் நூல் 1993இல் வந்தது. கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஆதி வரலாற்றுக் காலத்து மட்பாண்டங்களும் நாணயங்களும் எவ்வளவு செறிந்து கிடக்கின்றன என்பதை அது காட்டியது. பின்னர் 2016இல் அவர் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் மன்னார் கட்டுக்கரைக் குளத்தருகே அகழ்ந்தது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் பெயரையே தாங்கிய செம்மணற் படிவத்தில் குவார்ட்ஸில் செதுக்கிய கற்காலக் கருவிகள் கிடைத்ததை நிலவியலாளர் நன்கறிவர். மனிதர் இங்கே சிலிக்காவைக் கையாண்டது கண்ணாடிக்குப் பல்லாயிரம் ஆண்டு முந்தியது. இத்தனைக்கும் நடுவில் உலை ஏதும் வன்னியில் இன்னும் வெளிப்படவில்லை. உலை இருந்தால் அதன் அடையாளம் மணி அல்ல. நுரைத்த பச்சைக் கசடும், உள்முகம் கண்ணாடி பூசிய களிமண் ஓடும், பாதி உருகிய மணற்கட்டியுமே அடையாளம். வயலில் இவற்றைக் காண்பவர் இரும்புக் கசடு என்று எண்ணி வரம்பில் எறிந்துவிடக் கூடும். இரும்புக் கசடு கனக்கும், கறுத்திருக்கும், பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டும். கண்ணாடிக் கசடு இலேசானது, உடைத்த முகம் மினுங்கும்.

புதையல் தேடித் தோண்டுவோர் செய்யும் கேடும் இங்கேதான். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் பழம்பொருளைத் தோண்டி எடுப்பதற்கு அனுமதி கேட்கிறது. சட்டத்தைவிட ஆய்வாளனுக்கு உறைக்கும் காரணம் ஒன்று உண்டு. இடம் தெரியாத மணியைச் சிக்காகோவில் அளந்தாலும் அது இன்ன உட்பிரிவு என்று மட்டுமே தெரியும். எந்த ஆழத்தில், எந்த ஓட்டோடு, எந்த வயலின் எந்த மூலையில் கிடந்தது என்பதை எந்தக் கருவியும் மீட்காது. மணியை எடுத்த இடத்திலேயே ஒரு கடதாசியில் ஊர், வயல், ஆழம், நாள் எழுதி மணியோடு சுற்றி வைப்பது பாடசாலைப் பிள்ளைக்கும் முடிந்த காரியம்.

அடுத்து வேண்டியது மணலின் ஒப்பீடு. சிற்றளவுத் தனிமங்கள் பிரிக்க முடியாத இடத்தில் ஸ்ட்ரோன்சியம், நியோடிமியம் ஆகியவற்றின் சமதானிகள் பிரிக்கக்கூடும். பாறையின் வயதுக்கேற்ப அவற்றின் விகிதம் மாறுபடுவதே காரணம். ஆனால் கண்ணாடியை ஒப்பிட உள்ளூர் மணலின் அளவுகள் கையில் இருக்கவேண்டும். கலா ஓயா, அருவி ஆறு, பறங்கி ஆறு, கனகராயன் ஆறு ஆகிய நான்கிலும் ஆற்றோர மணலையும் அருகிலுள்ள உவர்மண்ணையும் இடக்குறிப்போடு எடுத்து, சிறு உலையில் உருக்கிப் பார்த்து, கிரிபாவக் கட்டியோடும் மாந்தை மணியோடும் வரிசையாக அளக்கலாம். இடத்துக்கு ஒரு கிலோ மணல் போதும். இரணைமடுவின் கீழே கட்டட வேலைக்காக மணல் அள்ளும் வேகத்தைப் பார்த்தால், கனகராயன் ஆற்றின் பழைய படிவத்திலிருந்து எடுக்கவேண்டியதை முதலில் எடுத்துவிடுவது நல்லது.